அந்த எழுபது பேருக்கும் பெயர் இருந்தது: பத்து காஜா வட்டாரத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் பேராக் மாநிலத்துப் பத்து காஜா, கோப்பெங் சுற்றுவட்டாரத்துக் கோயில் நிர்வாகத்தினருக்கும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும், இளைஞர் மன்றத்துத் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

அஞ்சல் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் முகப்பில் உட்கார்ந்திருந்தவள் நான். உங்களில் பாதிப் பேருக்கு என் முகம் தெரிந்திருக்கும். மின்கட்டணம், ரோட் டேக்ஸ், ஊருக்குப் போகும் மணியார்டர் என்று ஏதாவது ஒன்றுக்காக என் முன்னால் வரிசையில் நின்றிருப்பீர்கள். அப்போது அக்கா என்றவர்களின் பிள்ளைகள் இப்போது பாட்டி என்கிறார்கள். சரி, அது போகட்டும்.

இந்த மடலைப் போன மாதமே எழுதியிருக்க வேண்டும். நம் அமைப்புகளில் ஒன்று கூட்டிய கூட்டத்தில் கெல்லி காசலைப் பற்றி, அதாவது நூறு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன நம் பக்கத்து மாளிகையைப் பற்றிப் பேச எழுந்தேன். இரண்டு வாக்கியம்கூட முடிக்கவில்லை. “அக்கா, அது பேய் பங்களா. அதுக்கு நாம என்ன செய்யிறது?” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகுதான் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான், மூன்று மணி நேரம் தாமதமாக வரும். கூட்டத்தில் சொல்ல வந்ததை இங்கே முழுசாகச் சொல்கிறேன்.

மகள் ஜெர்மனியில் மூன்ஸ்டர் என்ற ஊரில் இருக்கிறாள். பேறுகாலத்துக்குப் போயிருந்தேன். சுக்கும் மிளகும் பூண்டுமாக இங்கிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போன கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். குழந்தைக்கு நாற்பது நாள் கழிந்ததும், “அத்தை, நீங்க அடுப்பையும் தொட்டிலையும் தவிர ஒண்ணையும் பார்க்கல” என்று சொல்லி மருமகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் காரில் ஏற்றினார்.

போன இடம் லூடிங்ஹவுசன். நம் ஊரைப்போலச் சின்ன ஊர்தான். ஆனால் அந்த ஒரு ஊருக்கே மூன்று கோட்டைகள். அந்த வட்டாரம் முழுக்க அப்படித்தானாம். நூறு கோட்டைப் பாதை என்று பெயர் வைத்துச் சைக்கிளில் போகிறவர்களுக்காக 960 கிலோமீட்டருக்கு வழி போட்டு வைத்திருக்கிறார்கள். நாங்கள் பார்த்தது ஃபிஷரிங் கோட்டை. 1271-இல் மூன்ஸ்டர் ஆயர் ஒருவர், பக்கத்தில் வாலாட்டிக்கொண்டிருந்த லூடிங்ஹவுசன் பிரபுக்களை அடக்கி வைப்பதற்காகக் கட்டியது. பிறகு அது ஆயரிடம் காரியக்காரராக இருந்த ஒரு குடும்பத்தின் கைக்கு வந்தது. அந்தப் பதவிக்கு ட்ரோஸ்ட என்று பெயர். பதவியின் பெயரே காலப்போக்கில் குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. தோட்டத்து மேஸ்திரி, குமாஸ்தா வீடுகளை நாம் இன்னும் கங்காணி வீடு, கிராணி வீடு என்று சொல்கிறோமே, அந்த மாதிரி.

கோட்டையைச் சுற்றி அகழி. ஸ்டெவர் என்ற ஆற்றின் தண்ணீரைக் கட்டிவைத்து நிரப்பியது. முதல் பாலத்தைக் கடந்தால் முன்கோட்டை வருகிறது. குதிரை லாயமும் பண்ணைக் கட்டடங்களும் இருந்த இடம். அதையும் தாண்டி, இன்னொரு பாலத்தைக் கடந்த பிறகுதான் வட்டமாக நிற்கும் பெரிய கோட்டை. சிவப்பு ஓட்டுக் கூரை அப்படியே தண்ணீரில் தலைகீழாகக் கிடக்கிறது. லாயம் என்று எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. குதிரை இருந்தது லாயம், தோட்டத்து வரிசை வீடுகளில் நாம் இருந்தது லயம். ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். கட்டிய விதத்தில் அந்தத் துணைக்கால் அளவுக்குக்கூட வித்தியாசம் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

சுற்றிக் காட்டிய பெண்மணி அகழிக்கரையில் நின்று ஒன்று சொன்னார். மருமகன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பக்கம் சதுப்பு நிலம். அதனால் அங்குள்ள நீர்க்கோட்டைகள் பலவும் மண்ணுக்குள் இறக்கிய மரக்கட்டைகளின்மேல்தான் நிற்கின்றனவாம். தண்ணீருக்குள் இருக்கிறவரை அந்தக் கட்டைகளுக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் இறங்கிக் காற்றுப் பட்டால் இற்றுப்போக ஆரம்பித்துவிடும். எதிரியைத் தடுக்க வெட்டிய அகழி, இப்போது கட்டடத்தைத் தாங்குவதற்காகவே நிரம்பியிருக்க வேண்டியிருக்கிறது.

உள்ளே 1972-லிருந்து அருங்காட்சியகம் இருக்கிறது. கோஸ்ஃபெல்ட் மாவட்டத்துக்கு அதுதான் கலாசார மையமும். கண்காட்சியும் கச்சேரியுமாக வருடம் முழுக்க ஏதாவது நடக்கும். நாங்கள் போன அன்று ஓர் அறையில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கலர் பென்சிலால் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். சுவரில் எழுநூறு வருடத்துக் கனம், கீழே சிந்திக்கிடந்த பென்சில் சீவல். யாரும் அவர்களை அதட்டவில்லை.

அங்கே நான் அதிக நேரம் நின்றது ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால். உள்ளே ஓர் இரும்பு வளையம், கழுத்தளவு. பார்த்தவுடன் நாய்ப்பட்டை என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் உள்பக்கம் முட்கள். 1520-இல் லம்பர்ட் ஃபோன் ஓர் என்ற பிரபுவின் கழுத்தில் அவருடைய எதிரி பூட்டிவிட்டது. காரணம் சொத்துத் தகராறு. அந்தப் பூட்டை யாராலும் திறக்க முடியவில்லை. கடைசியில் மூன்ஸ்டரில் ஒரு கொல்லன் பட்டறையில் அதை அடித்துத்தான் கழற்றினார்கள். கழுத்தைப் பட்டறைக் கல்லின்மேல் வைத்துக்கொண்டு, சம்மட்டி இறங்குவதற்காகக் காத்திருந்த அந்த நேரத்தை நினைத்துப் பாருங்கள். என் பக்கத்தில் நின்ற ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் தன் கழுத்தைத் தானே இரண்டு கையாலும் தடவிப் பார்த்துக்கொண்டான். அவனுக்கு அந்தப் பிரபுவின் பெயர் தெரியும், வருடம் தெரியும், சண்டை எதற்கு என்று தெரியும். வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்வான்.

திரும்பும் வழியில் எனக்கு நம் கெல்லி காசல் ஞாபகம்தான். நம்முடையதற்கு அகழி இல்லை. ஆனால் நாமும் சுங்கை ராயாமேல் போட்ட பாலத்தைக் கடந்துதான் உள்ளே போகிறோம். வாரக் கடைசியில் நம் பிள்ளைகள் அந்தப் பாலத்தைக் கடந்து போய்விட்டு வந்து என்ன சொல்கிறார்கள்? மாடித் தாழ்வாரத்தில் துரை நடக்கிறாராம். துரை மகள் அறையில் ஏதோ நிழல் தெரிந்ததாம். அவ்வளவுதான்.

தெரிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சின்னவர்களுக்காக. வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 1890-இல், இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். சார்ல்ஸ் அல்மா பேக்கர் என்பவரோடு சேர்ந்து பேராக்கில் காடு திருத்தும் குத்தகையில் காசு பார்த்தார். கிந்தாவில் ஆயிரம் ஏக்கர் வாங்கி ரப்பர் நட்டார், ஈயத்திலும் இறங்கினார். தன் சொந்த ஊர் கெல்லாஸின் பெயரையே தோட்டத்துக்கு வைத்தார். கிந்தா கெல்லாஸ் தோட்டம் என்று நாம் சொல்வது அப்படி வந்தது. 1915-இல் மகன் பிறந்ததும் இந்த மாளிகையைத் தொடங்கினார். ஆறு மாடி உயரத்தில் கோபுரம், அதற்குள் மலாயாவின் முதல் மின்தூக்கி வருவதாகத் திட்டம். செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. அவற்றோடு மதராஸிலிருந்து எழுபது கட்டட வேலைக்காரர்களும் வந்தார்கள்.

இந்த எழுபது பேர்தான் என் பிரச்சினை.

வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1918-இல் உலகத்தைச் சுற்றி வந்த அந்த விஷக் காய்ச்சல் இங்கும் வந்தது. தோட்டத்தில் பலர் செத்தார்கள். மிச்சமிருந்தவர்கள் துரையிடம் போய், பணம் கேட்கவில்லை, கப்பலில் ஊருக்கு அனுப்பச் சொல்லவில்லை. கோயில் கட்டித் தரச் சொன்னார்கள். ஊரில் அம்மையோ கொள்ளைநோயோ வந்தால் யாரிடம் போவார்களோ அவளிடமே இங்கும் போனார்கள். அப்படி எழுந்ததுதான் மகா மாரியம்மன் கோயில். துரைக்கு நன்றிக்கடனாகக் கோயில் கூரையில், சாமிகளுக்கு நடுவே, வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாக அவரையும் நிற்க வைத்தார்கள். நான் சின்ன வயதில் அவரை ஏதோ காவல் தெய்வம் என்று நினைத்துக் கும்பிட்டிருக்கிறேன். அம்மா தலையில் குட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது.

ஸ்மித் 1926-இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்தார். மனைவி சொத்தை ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட் கம்பெனிக்கு விற்றுவிட்டார். மாளிகை முடியாமலே நின்றது.

இதில் துரையின் பெயர் தெரிகிறது. மனைவி ஆக்னஸ், மகள் ஹெலன், மகன் ஆண்டனி என்று வீட்டில் எல்லார் பெயரும் தெரிகிறது. அவர் போய் இறந்த ஊர்கூடத் தெரிகிறது. கொத்தனார்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? துரைக்கு நன்றியாக அந்தச் சிலையைச் செய்தவர் பெயர்? சரி, பேயைப் பற்றியே பேசுவோம். அந்த மாளிகையில் அலைவதற்கு யாருக்கு அதிக உரிமை? லிஸ்பனில் கட்டிலில் படுத்து இறந்த துரைக்கா, சாரத்திலிருந்து இறங்கி வந்து நாலு நாள் காய்ச்சலில் போனவர்களுக்கா? பேய்க்கதையில்கூட நம் ஆட்களுக்கு இடம் இல்லை. அதையும் துரை குடும்பத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

மற்றவர்களைக் குறை சொல்லத் தொடங்கும்முன் என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவைப் பெற்ற பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். பஸ் அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம், “எங்க மாமா ஒருத்தரு கெல்லித் தொர பங்களாவுல கொத்து வேலை பார்த்தாரு. காய்ச்ச கண்டு போயிட்டாரு” என்பார். ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு வாக்கியம், அதே இடத்தில். எனக்குச் சலித்துப்போகும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அது உண்மையா, பாட்டி கேட்ட கதையா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. ஆனால் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, “அவர் பேர் என்ன பாட்டி?” என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகு என் தொழிலே பெயர்கள்தான். முசிறியிலிருந்தும் துறையூரிலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் நீலக் கடிதங்கள் வரும். பெயர், அதற்குக் கீழே தோட்டத்தின் பெயர், சிலதில் ‘மூணாவது லயம்’ என்றும் இருக்கும். அந்த விலாசத்தை வைத்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடித்துக் கொடுப்போம். ஒரே தகப்பனுக்குப் பிறந்த மூன்று பேர் என் முன்னால் நின்றிருக்கிறார்கள். மூன்று அடையாள அட்டையிலும் அப்பா பெயர் மூன்று விதமாக இருக்கும். எந்தக் கிராணி எந்த மனநிலையில் எழுதினாரோ. அதற்கெல்லாம் மூளையைக் கசக்கிய நான், சொந்த வீட்டுப் பெயர் ஒன்றைக் கேட்டு வாங்காமல் விட்டுவிட்டேன். அதனால் உங்கள்மேல் பாய எனக்குப் பெரிய தகுதி ஒன்றும் கிடையாது.

ஜெர்மனிக்காரர்கள் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டார்கள் என்றும் நான் சொல்ல வரவில்லை. அந்தச் சதுப்பில் இடுப்பளவு சேற்றில் நின்று கட்டை இறக்கியவர்களின் பெயர்களை நான் எந்தச் சுவரிலும் பார்க்கவில்லை. ஆயர் பெயரும் பிரபு பெயரும்தான் அங்கேயும். ஆனால் அவர்களுக்கு அது எழுநூறு வருடத்துக்கு முந்தைய காரியம், கை நழுவிப் போய்விட்டது. நமக்கு நூறு வருடம்தான் ஆகிறது. கட்டியவர்களைப் பார்த்தவர்கள் போய்விட்டார்கள். பார்த்தவர்களிடம் கதை கேட்டவர்கள் இன்னும் நம் தாமான் குடியிருப்பு வீடுகளில், தொலைக்காட்சிக்கு முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். எண்பது, எண்பத்தைந்து வயது. இன்னும் எத்தனை தீபாவளி?

கோயில் நிர்வாகத்து ஐயாமார்களே, உங்களிடம்தான் அதிகம் இருக்கிறது. ஒவ்வொரு திருப்பணியின்போதும் பழைய பித்தளைச் சாமான்களை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குகிறோம். போடுவதற்கு முன் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். குத்துவிளக்கின் அடியில், குடத்தின் கழுத்தில், மணியின் விளிம்பில் ‘உபயம்’ என்று போட்டுப் பெயர் வெட்டியிருக்கும். சிலதில் தோட்டத்தின் பெயரும் வருடமும் சேர்ந்தே இருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, செம்பனை வந்து, லயங்களை இடித்து, ஜனங்கள் கலைந்துபோன பிறகும், அந்த வெட்டெழுத்து அப்படியே கிடக்கிறது. பழைய ரசீதுப் புத்தகம், திருவிழா நோட்டீஸ், வரி கட்டியவர்களின் நோட்டு, எதுவாக இருந்தாலும் கரையான் தின்பதற்குள் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பள்ளிகளிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. விடுமுறைக்கு முன் ஐந்தாம் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள். தாத்தா பாட்டியிடம், ‘உங்க தாத்தா பேரு என்ன, எந்த ஊரிலேர்ந்து வந்தாரு, எந்தத் தோட்டம், என்ன வேலை’ என்று நாலு கேள்வி. மதிப்பெண் வேண்டாம். கட்டுரையாக அழகுபடுத்தவும் வேண்டாம். ‘எங்கள் தோட்டம் இயற்கை எழில் கொஞ்சும்’ என்று ஆரம்பித்தால் நான் படிக்க மாட்டேன்.

இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளே, நீங்கள் அந்த மாளிகையில் கல்யாணப் படம் எடுக்கிறீர்கள். தாராளமாக எடுங்கள், நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த தடவை மணப்பெண்ணை நிற்க வைக்கும்போது பக்கத்துச் செங்கல் சுவரையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் கல்லை அடுக்கிய கைப்பக்குவம் தெரியும். வளைவுக்கு வளைவு மட்டம் பிசகாமல் வந்திருக்கிறது. பிறகு அதே போனை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுப் பெரியவரிடம் போய், பதிவை அழுத்திவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். நடுவில் புகுந்து திருத்தாதீர்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தொடங்கி, கள்ளுக்கடைக்குப் போய், ஜப்பான்காரன் காலத்துக்குத் தாவி, யாரோ ஒருத்தர் கல்யாணத்தில் சோறு பத்தாமல் போனதில் வந்து முடியும். முடியட்டும். அந்தச் சோறு பத்தாத கல்யாணத்தில்தான் பத்துப் பெயர் கிடைக்கும்.

‘எழுபது பேரின் பெயரும் கிடைக்கவா போகிறது?’ என்று கேட்பீர்கள். கிடைக்காது. ஒன்றுகூடக் கிடைக்காமல் போகலாம். ஆனால் அவர்களுக்குச் சோறு பொங்கியவர்கள், அந்தத் தோட்டத்தில் நிரை பிடித்து மரம் வெட்டியவர்கள், ஒட்டுப்பால் பொறுக்கியவர்கள், ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்கள் என்று கெல்லாஸிலும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் இருந்தவர்களின் பெயர்கள் ஒரு புத்தகம் அளவுக்குக் கண்டிப்பாகத் தேறும். அது கையில் வந்த பிறகு, மாளிகையைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் முறையாக எழுதிக் கேட்போம்: வருடத்தில் ஒரு சனிக்கிழமை, அந்தப் புல்வெளியில் உறுமி அடித்து, கும்மி கொட்டி, இந்தப் பெயர்களை உரக்கப் படிக்க ஒரு மாலை நேரம் கொடுங்கள் என்று. இப்போதே வெறுங்கையோடு போய் ‘இது எங்கள் வரலாறு’ என்று நின்றால், மரியாதையாகக் கோப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அஞ்சல் நிலையத்தில் நானே எத்தனை பேரைப் ‘பாரம் (படிவம்) நிரப்பிக்கொண்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆகவே முதல் பாரத்தை நானே நிரப்ப ஆரம்பிக்கிறேன். வரும் ஆடியில் கூழ் ஊற்றும் அன்று, எந்தக் கோயில் இடம் கொடுக்கிறதோ அங்கே, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டுக் காலை எட்டு மணிக்கெல்லாம் உட்கார்ந்துவிடுவேன். மேசையும் நோட்டும் என்னுடையது. பழைய சிவப்பு அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், தோட்டத்து ஆள்கணக்குச் செக்ரோல் சீட்டு, பின்பக்கம் எழுதிய கல்யாணப் போட்டோ, எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். அசலை நான் வாங்கி வைத்துக்கொள்ள மாட்டேன். கண் முன்னாலேயே படம் எடுத்துக் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நோட்டில் முதல் வரி ஏற்கெனவே இருக்கிறது: பாட்டியின் மாமா, கொத்தனார், கெல்லி பங்களா. பெயருக்கான கட்டம் காலி. அவரைத் தெரிந்த யாராவது இருந்தால் முதலில் வரிசைக்கு வாருங்கள். பெரியவர்களைக் கூட்டி வருகிறவர்கள் தயவுசெய்து கூழ் ஊற்றும் முன்பே அழைத்து வந்துவிடுங்கள். குடித்த பிறகு அவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும்.

இப்படிக்கு,
அஞ்சல் நிலையத்து அக்கா,
பத்து காஜா